அங்கத்தினர் சொல்லும் கதை

சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு விற்றோம் என்பதைக் காட்டும். அங்கத்தினர் வீட்டுக் கஷ்டத்தை அது காட்டாது. அதனை அவர்களே எடுத்துரைக்க வேண்டும். சங்கம் செவி சாய்க்க வேண்டும். இதனை விளக்க இங்கிலாந்தின் கூட்டுறவு வரலாற்றிலிருந்து ஓர் உதாரணத்தை ஆராய்வோம்.

1844-இல் ராச்டேல் நகரில் முன்னோடிகள் தொடங்கிய சங்கத்தில் பெண்களும் அங்கத்தினராகலாம். எனினும், பின்னர் பெருகிய சங்கங்களில் கூடை ஏந்திக் கடைக்கு வந்தவர் பெரும்பாலும் பெண்கள்; நிர்வாகக் குழுவில் அமர்ந்தவர் பெரும்பாலும் ஆண்கள். பெண்களின் குரலை எழுப்ப 1883-இல் மாதர் கூட்டுறவுக் கழகம் தோன்றியது. மார்கரெட் லூவெலின் டேவிஸ் அம்மையார் 1889 முதல் 1921 வரை அதன் பொதுக் காரியதரிசியாக விளங்கினார்.

1911-இல் இயற்றப்பட்ட தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம், இன்ஷூர் செய்த தொழிலாளியின் மனைவிக்குப் பேறுகாலத்தில் 30 ஷில்லிங் உதவி அளித்தது. ஆனால் அப்பணம் கணவனுக்கே உரியதாயிருந்தது. கழகம் போராடியதன் பயனாக, 1913-இல் அது தாயின் சொந்தப் பணமெனச் சட்டம் திருத்தப்பட்டது.

கழகம் அத்துடன் நிற்கவில்லை. தன் அங்கத்தினரைத் தத்தம் பேறுகால அனுபவத்தை எழுதும்படி கேட்டது. அவ்வாறு வந்தவற்றுள் 160 கடிதங்கள் 1915-இல் நூலாயின. கணவனுக்கும் குழந்தைகளுக்கும் உணவளித்துவிட்டுத் தாம் அரைவயிறு உண்டதையும், கடைசி நாள்வரை உழைத்ததையும் அப்பெண்கள் மறைக்காமல் எழுதினர். எழுதியவர் பெயர் அச்சிடப்படவில்லை. கணவனின் கூலி, பிறந்த குழந்தைகள், கலைந்த கருக்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை மட்டும் கடிதத்தின் அடியில் தரப்பட்டது. தாய் சேய் நலத்திற்காகக் கழகம் செய்த கிளர்ச்சிக்கு இந்நூல் பெருந்துணையாயிற்று. 1918-இல் தாய் சேய் நலச் சட்டம் நிறைவேறியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கூட்டத்தில் வாய் திறவாதவரையே முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சொல்பவரின் மானத்தைக் காக்க வேண்டும்; அவர் இசைவின்றிப் பெயரை வெளியிடலாகாது.

மூன்றாவது, கதையுடன் கணக்கும் சேர வேண்டும். கணக்கில்லாத கதையைப் புலம்பல் என்பர். கதையில்லாத கணக்கைப் படிப்பாரில்லை.

நான்காவது, கேட்டது தீர்மானமாக வேண்டும். கேட்டுவிட்டு வாளாவிருப்பின், மறுமுறை எவரும் சொல்ல வாரார்.

தார் சுற்றும் கையும் நாற்று நடும் கையும் நம் சங்கங்களின் அங்கத்தினர் ஏட்டில் இடம் பெற்றுள்ளனவா? அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன் ஏட்டைப் புரட்டிப் பார்ப்போமாக.