இலக்குக்கு ஒரு குண்டு, வேட்டைக்கு ஒரு குண்டு

சென்னை மெரினா கடற்கரையிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பலூன் சுடும் துப்பாக்கியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் துப்பாக்கியில் இடப்படும் ஈயத் துண்டு ஒரு பச்சைப்பயறு அளவே இருக்கும். ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைச் சுடுவதற்கும் ஏறக்குறைய இதே போன்ற ஈயத் துண்டுதான் பயன்படுகிறது. ஆனால் அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டைக்குச் செல்பவர் எடுத்துச் செல்லும் குண்டோ ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுள்ளது; செம்பு உறை போர்த்தியது; அதன் முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும்.

ஏன் இந்த வேறுபாடு? பெரிய விலங்குக்குப் பெரிய குண்டு வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். அது பாதி விடைதான். குண்டு சென்று சேர்ந்த பின் அதன் ஆற்றல் என்ன ஆக வேண்டும் என்ற கேள்வியில்தான் மறுபாதி விடை இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள நீங்கள் வகுப்பில் படிக்கும் உந்தமும் இயக்க ஆற்றலுமே போதும்.

தோட்டாவும் குண்டும்

முதலில் ஒரு சொல் விளக்கம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பற்றும் மருந்து, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு இவை நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுடும்போது வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அதன் அழுத்தம் குண்டை மட்டும் குழல் வழியே தள்ளுகிறது. கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும். திருவிழாத் துப்பாக்கியில் வெடிமருந்தே கிடையாது; அங்கே அழுத்தப்பட்ட காற்று அந்த வேலையைச் செய்கிறது.

ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரைபோல வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றில் அழுந்திச் செல்வதால் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் முனை முன்னோக்கியபடியே செல்கிறது. 50 மீட்டர் போட்டியில் பயன்படும் ரைபிளில் இந்தப் பள்ளம் வழக்கமாக 40.6 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். குண்டின் வேகம் விநாடிக்கு 330 மீட்டர் என்றால், அது விநாடிக்கு ஏறத்தாழ 810 முறை சுழல்கிறது! நம் வீட்டு மின்விசிறி விநாடிக்கு ஐந்தாறு முறைதான் சுழலும்.

ஆற்றல் கணக்கு

இயக்க ஆற்றல் என்பது நிறையையும் திசைவேகத்தின் இருமடியையும் பெருக்கி வரும் தொகையில் பாதி. உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. மூன்று குண்டுகளுக்கு இவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, 10 மீட்டர் போட்டியின் ஈயத் துண்டு. விட்டம் 4.5 மி.மீ., நிறை ஏறத்தாழ 0.53 கிராம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர். இயக்க ஆற்றல் 8 ஜூலுக்கும் சற்றுக் குறைவு.

இரண்டாவது, 50 மீட்டர் போட்டியின் குண்டு. விட்டம் 5.6 மி.மீ., நிறை 2.6 கிராம், வேகம் 330 மீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 142 ஜூல்.

மூன்றாவது, வட அமெரிக்காவில் 1906 முதல் வழங்கி வரும் ஒரு வகைத் தோட்டாவின் வேட்டைக் குண்டு. விட்டம் 7.8 மி.மீ., நிறை 11.7 கிராம், வேகம் 820 மீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 3,930 ஜூல்.

இவற்றோடு ஒரு கிரிக்கெட் பந்தை ஒப்பிடுவோம். 160 கிராம் பந்தை விரைவு வீச்சாளர் ஒருவர் விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் எறிகிறார். அதன் ஆற்றல் 128 ஜூல், உந்தம் 6.4 அலகு. வேட்டைக் குண்டின் உந்தம் 9.6 அலகு. அதாவது, உந்தத்தில் குண்டு பந்தைப் போல ஒன்றரை மடங்குதான். ஆனால் ஆற்றலில் முப்பது மடங்கு! திசைவேகம் இருமடியாக வருவதன் விளைவு இது. திரைப்படங்களில் குண்டு பட்டவர் பத்தடி தூரம் தூக்கி எறியப்படுவதைக் காட்டுகிறார்களே, அது பொய் என்பதும் இதிலிருந்தே விளங்கும். தூக்கி எறிவதற்கு வேண்டியது உந்தம். அது குண்டிடம் அவ்வளவு இல்லை. குண்டிடம் மிகுந்திருப்பது பொருளைக் கிழிக்கும் ஆற்றலே.

இலக்குக் குண்டின் வேலை

இலக்குப் பயிற்சியில் குண்டு எதையும் வீழ்த்த வேண்டியதில்லை. சொன்ன இடத்தில் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் அந்த இடம் எவ்வளவு சிறியது தெரியுமா? 10 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ.! 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. 2024-இல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டரில், மூன்று நிலைகளில் சுடும் போட்டியில்.

ஆகவே இலக்குக் குண்டுக்கு முதல் தேவை ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் வேறுபாடு இல்லாமை. வேகம் மாறினால் குண்டு விழும் அளவும் மாறும். 50 மீட்டரைக் கடக்க 0.15 விநாடி ஆகிறது. அதற்குள் ஈர்ப்பு விசை அதை ஏறத்தாழ 11 செ.மீ. கீழே இழுத்துவிடும். பார்வைக் குறியை அதற்கேற்ப முன்கூட்டியே உயர்த்தி வைத்திருப்பார்கள். ஆனால் குண்டுக்குக் குண்டு வேகம் மாறினால் அந்த ஏற்பாடு பயன்படாது.

அப்படியானால் வேகத்தைக் கூட்டினால் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். இங்கேதான் வியப்பு. ஒலியின் வேகம் காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். அந்த வேகத்தை ஒட்டிக் காற்றுத் தடை திடீரென்று மிகும். ஒலியை மிஞ்சிப் புறப்படும் சிறு குண்டு வழியிலேயே வேகத்தை இழந்து அந்த எல்லையைக் கடக்கும்போது தடுமாறவும் கூடும். பக்கக் காற்றினால் வரும் விலகல், குண்டு பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததன்று. காற்றுத் தடையால் அது இழந்த நேரத்தைப் பொறுத்தது. ஆகையால் சற்று வேகமான குண்டு மெதுவான குண்டைவிட அதிகமாக விலகுகிறது! போட்டிக் குண்டுகளை ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி வைப்பதன் காரணம் இதுதான்.

300 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள தொலைவுகளுக்கு வேறு வகைக் குண்டு வேண்டும். அங்கே ஒலி வேகத்தைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட வேகம் தேவை. வெறும் ஈயமானால் அந்த வேகத்தில் குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். எனவே செம்புக் கலவை உறை போடுகிறார்கள். குண்டின் முனை கூரானது. பின்புறம் படகின் பின்பகுதிபோல் குறுகியது. குண்டின் பின்னே உண்டாகும் குறைந்த அழுத்தத்தின் இழுப்பை இந்தக் குறுக்கம் தணிக்கிறது. உறையை அடியிலிருந்து முனை நோக்கி இழுத்து மூடுவதால் முனையில் ஊசித் துளை போன்ற ஓர் இடைவெளி எஞ்சும். அந்தத் துளை விரிவதற்காக ஏற்பட்டதன்று. அடிப்பாகம் பழுதின்றி ஒரே சீராக அமைய வேண்டும் என்பதே நோக்கம்.

வேட்டைக் குண்டின் வேலை

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். உரிமத்துடன் வேட்டையை அனுமதிக்கும் நாடுகளில்தான் இந்தக் குண்டு பயன்படுகிறது.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ ஓர் உணவுத் தட்டின் அகலம் இருக்கும். ஆகவே வேட்டைக்காரருக்கு அரை மில்லிமீட்டர் துல்லியம் தேவையில்லை. அவர் கவலைப்பட வேண்டியது வேறொன்று: விலங்கு உடனே சாக வேண்டும். காயத்துடன் ஓடிய விலங்கு புதரில் ஒளிந்து, நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

இலக்குக் குண்டால் மானைச் சுட்டால் என்ன ஆகும்? விநாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் உள்ளே நுழைந்த 11.7 கிராம் குண்டு, 500 மீட்டர் வேகத்தில் மறுபுறம் வெளியேறியது என்று வைத்துக்கொள்வோம். நுழைந்தபோது ஆற்றல் 2,870 ஜூல். வெளியேறியபோது 1,460 ஜூல். பாதி ஆற்றல் மானைத் தாண்டிப் போய்விட்டது. உள்ளே இருப்பது ஊசி குத்தியது போன்ற ஒடுங்கிய துளை. சில வேளைகளில் அதே வகைக் குண்டு தோலுக்கு அடுத்தே நொறுங்கி, ஆழத்தை எட்டாமலும் போகலாம். இன்னது நடக்கும் என்று சொல்ல முடியாததே அதன் குறை.

வேட்டைக் குண்டில் முனையிலுள்ள ஈயம் உறையின்றி விடப்பட்டிருக்கும். உடலில் நுழைந்ததும் முனை மழுங்கி, உறை பின்னோக்கி மடிந்து, குண்டு காளான் வடிவம் கொள்ளும். விட்டம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதாவது முகப்புப் பரப்பு நான்கு மடங்காகிறது. தடையும் அதற்கேற்ப மிகுவதால் குண்டு விரைவாக வேகம் இழந்து, தன் ஆற்றலின் பெரும் பகுதியை உடலுக்குள்ளேயே விட்டுவிடுகிறது.

மானுக்குக் கட்டாயம், மனிதனுக்குத் தடை

இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுவதற்கு மென்முனைக் குண்டோ துளைமுனைக் குண்டோதான் பயன்படுத்த வேண்டும் என்று விதிக்கிறது. பெரிய மான்களுக்கான ரைபிளில், குழல் வாயில் ஆற்றல் 2,305 ஜூலுக்குக் குறையக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. நீங்கள் மேலே கணக்கிட்ட அதே இயக்க ஆற்றல்தான் இங்கே சட்டத்தில் எண்ணாக நிற்கிறது.

இதற்கு நேர்மாறான கதை நம் நாட்டில் தொடங்கியது. 1890-களில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், முனை உறையை நீக்கி விரியும்படி செய்த குண்டுகளை ஆங்கிலேயர் போருக்காகச் செய்தனர். அவை உண்டாக்கிய காயங்கள் கொடியவை. 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. இன்றும் அவ்வகைக் குண்டுக்கு 'டம்டம்' என்ற பெயர் உலகெங்கும் வழங்குகிறது.

விலங்குக்குக் கட்டாயமான குண்டு போர்வீரனுக்குத் தடை செய்யப்பட்டது ஏன்? வேட்டையின் நோக்கம் உயிரை விரைவில் முடிப்பது. போரின் நோக்கம் எதிரியைப் போரிட முடியாமல் செய்வது. அதற்கு மேல் துன்பம் தருவது வீண் கொடுமை என்று நாடுகள் கருதின. இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றே. எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் நியாயம் மாறுகிறது.

எஞ்சிய ஈயம்

விரியும் குண்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. மிகு வேகத்தில் மோதும்போது மென்மையான ஈயத்தின் ஒரு பகுதி பொடிப்பொடியாகச் சிதறும். வேட்டைக்காரர் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலைக் காட்டிலேயே விட்டுச் செல்வார். அதைத் தின்னும் பறவைகளின் வயிற்று அமிலத்தில் ஈயம் கரைந்து இரத்தத்தில் கலக்கும். ஈயம் ஒரு நஞ்சு.

அமெரிக்காவின் மாபெரும் பிணந்தின்னிப் பறவையான கலிபோர்னியக் காண்டார், 1982-இல் 22 மட்டுமே எஞ்சியது. 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வளர்த்து, 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டார்கள். அப்படியும் பறவைகள் இறந்தன. ஈயம் எங்கிருந்து வந்தது? 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, பறவைகளின் இரத்தத்திலிருந்த ஈய ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்தது. அது துப்பாக்கிக் குண்டு ஈயத்தின் விகிதத்தோடு ஒத்திருந்தது. கலிபோர்னியா மாநிலம் 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றிலும் தடை செய்தது.

ஈயத்துக்குப் பதில் செம்பு வந்தது. செம்பு விரியும், ஆனால் எளிதில் சிதறாது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு 9 கிராம். ஆகவே அதே நிறையும் விட்டமும் உள்ள செம்புக் குண்டு இன்னும் நீளமாக இருக்கும். நீளமான குண்டு புரளாமல் செல்ல இன்னும் விரைவாகச் சுழல வேண்டும். அதற்குக் குழலின் பள்ளம் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். ஒரு பறவையைக் காக்க எடுத்த முடிவு, துப்பாக்கிக் குழலின் மரை வரை போய்ச் சேர்ந்ததைப் பாருங்கள்!

கணக்கிட்டுப் பாருங்கள்

1. நான்கு கிலோகிராம் ரைபிளிலிருந்து 11.7 கிராம் குண்டு விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. வெடிமருந்து வாயுவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ரைபிள் என்ன வேகத்தில் பின்னோக்கி உதைக்கும்?

2. அந்த ரைபிளின் பள்ளம் 25.4 செ.மீ.க்கு ஒரு சுற்று என்றால், குண்டு விநாடிக்கு எத்தனை முறை சுழலும்?

(விடைகள்: 1. விநாடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். 2. ஏறத்தாழ 3,230 முறை.)