தோட்டத்திற்கு எத்தனை கன்றுகள் வேண்டும்?

பழனியை அடுத்துள்ள தொப்பம்பட்டி ஊராட்சி ஒன்றியத்தில் தென்னையும் முருங்கையும் பயிரிடும் குடியானவர்கள் பலர். தோப்பு வைக்க எண்ணுபவர் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை கன்று வாங்குவது?” என்பதே. “ஏக்கருக்கு எழுபது தென்னை” என்ற விடை உடனே கிடைக்கும். அது பிழையான விடையன்று. ஆயினும் அதை நம்பி வண்டி கட்டிச் சென்று கன்று வாங்கியவர், நட்டது போக மிஞ்சிய கன்றுகளைக் கிணற்றோரத்திலும் வரப்போரத்திலும் நெருக்கி நட நேரிடுகிறது. பின்னர் பக்கத்து நிலத்துக்காரருடன் ஏற்படும் வழக்கு ஊராட்சி உறுப்பினர் வீட்டுத் திண்ணைக்கு வருகிறது.

எழுபது என்ற எண் எவ்வாறு வந்தது? ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. தென்னைக்கு 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஒரு மரத்திற்கு 625 சதுர அடி. வகுத்தால் 69.7, அதையே எழுபது என்கிறோம். ஆனால் நிலம் துண்டு துண்டாக அறுத்து ஒட்டக்கூடிய துணியன்று. ஆகவே பரப்பைக் கொண்டு மட்டும் கணக்கிடாமல், நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே கணக்கிடல் வேண்டும்.

330 அடி நீளமும் 132 அடி அகலமும் உள்ள நிலத்தை எடுத்துக்கொள்வோம். இதன் பரப்பு சரியாக ஓர் ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர்க் கணக்கில் ஏறத்தாழ 0.40.50 என்று காணப்படும். எல்லையிலிருந்து இடைவெளியில் பாதியாகிய 12½ அடி தள்ளி முதல் மரத்தை நடுதல் முறை. மட்டை பதினைந்து அடிக்கு மேலும் நீளுமாதலால், இதற்குக் குறைந்தால் அயலார் நிலத்தில் நிழல் மிகும். காயும் அங்கே விழும். இரு முனைகளிலும் சேர்த்து 25 அடி கழித்தால் நீளத்தில் எஞ்சுவது 305 அடி; அதில் 12 இடைவெளிகள், 13 மரங்கள். அகலத்தில் எஞ்சுவது 107 அடி. 4 இடைவெளிகள், 5 வரிசைகள். மொத்தம் 65 மரங்களே. ஐந்து கன்றின் விலை மிச்சம்.

முக்கோண நடவில் நூற்றுக்குப் பதினைந்து மரம் கூடும் என்பதும் பரப்பளவுக் கணக்கே. இம்முறையில் மரங்களுக்கிடையே 25 அடியே இருக்கும். வரிசைகளுக்கிடையே 21 அடி 8 அங்குலம் போதும். ஒன்றுவிட்டு ஒரு வரிசை 12½ அடி தள்ளித் தொடங்கும். நீளவாக்கில் வரிசை பிடித்தால் மேற்படி நிலத்தில் ஐந்து வரிசைகளே அடங்கும்: 13, 12, 13, 12, 13 எனக் கூட்டினால் 63. சதுர நடவைவிட இரண்டு குறைவு! அகலவாக்கில் பிடித்தால் பதினைந்து வரிசைகளில் ஐந்தும் நான்குமாக 68 வரும். நீளவாக்கில் ஆறாவது வரிசைக்குக் குறைவது வெறும் 1 அடி 4 அங்குலம். இரு பக்கமும் எட்டு அங்குலம் விட்டுக்கொடுத்தால் மரங்கள் 75 ஆகும். பக்கத்தில் நமது வண்டிப்பாதையோ வாய்க்காலோ இருப்பின் இவ்வாறு செய்யலாம். அயலார் நிலமாயின் அவரது சம்மதம் பெற்றே செய்தல் வேண்டும்.

முருங்கைக்கு வருவோம். பெரியகுளத்தில் உருவாக்கப்பெற்ற பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கைக்கு 2.5 மீட்டர் இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது. செடி 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுவதால் பக்கக் கிளைகள் பரவும். காய் பறிப்போர் நுழைய வழியும் வேண்டும். மேற்படி நிலம் 100.58 மீட்டருக்கு 40.23 மீட்டர். ஆதலால் நீளத்தில் 40, அகலத்தில் 16, ஆக 640 குழிகள். குழிக்கு இரண்டு விதை வீதம் 1,280 விதைகள். முளைக்காத இடங்களை நிரப்பப் பத்தில் ஒரு பங்காக 64 கன்றுகளை அதே நாளில் பைகளில் வளர்த்து வைத்துக்கொள்க. பிந்தி விதைத்த செடி மற்றவற்றின் நிழலில் நலியும்.

செலவை நிர்ணயிப்பது விதையன்று, குழியும் எருவுமே. ஒன்றரை அடிக்குச் சமமான 45 சென்டிமீட்டர் சதுரக் குழியை அதே ஆழத்திற்கு எடுத்தால், 640 குழிகளுக்கு 58 கனமீட்டர் மண் வெட்ட வேண்டும். குழிக்கு 15 கிலோ தொழு எரு என்றால் 9,600 கிலோ, அதாவது பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. வீட்டு எருக்குழியில் அவ்வளவு இல்லையெனில், அரை ஏக்கரோடு நிறுத்திக்கொள்வதே நன்று. தண்ணீரையும் இவ்வாறே பார்த்தல் வேண்டும். செடிக்கு 10 லிட்டர் ஊற்றினால் ஒருமுறைக்கு 6,400 லிட்டர் ஆகும். சித்திரை, வைகாசியில் கிணறு எவ்வளவு ஊறும் என்பது உரிமையாளருக்குத் தெரியும். கன்றின் எண்ணிக்கையை அதுவே முடிவு செய்யட்டும்.

ஊராட்சிப் பொதுநிலத்தில் மரம் நடும் பணிக்கு மதிப்பீடு தயாரிக்கும் உறுப்பினர்களும், பரப்பை வகுத்து எண்ணிக்கை எழுதாமல், நிலத்தில் முளையடித்து எண்ணிய பின்னரே கன்றுக்கு எழுதுதல் வேண்டும். பாறையும் பாதையும் மின்கம்பியும் வரைபடத்தில் தெரிவதில்லை.

முளையடிக்க ஒரு கயிறும் சுண்ணாம்பும் போதும். நீண்ட வரப்பை ஒட்டி 40 அடி அளந்து குறியிடுக. அதன் தொடக்கத்திலிருந்து குறுக்கே 30 அடி அளந்து, இரு முனைகளுக்கும் இடையே சரியாக 50 அடி வரும்வரை குறுக்குக் கயிற்றை நகர்த்துக. அப்போது மூலை செங்கோணமாக அமையும். வரப்பு வளைந்திருந்தாலும் வரிசை நேராக வரும். ஏர் இருபக்கமும் தடையின்றி ஓடும்.