நீர் மாத்திரையும் சிறுநீரகக் கல்லும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். கணக்குகளைப் பார்த்து முடித்தபின் அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகி, "எனக்குச் சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, ஐயா. இரத்த அழுத்தத்திற்காக அண்ணன் சாப்பிடும் நீர் மாத்திரையை நானும் சாப்பிட்டால் கல் அடித்துக்கொண்டு போய்விடும் அல்லவா?" என்று கேட்டார். இக்கேள்வி பலர் மனத்திலும் இருக்கக்கூடும். ஆதலால் இதனை இங்கே ஆராய்வோம்.

கல் உண்டாகும் விதம்

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் மிகப் பெரும்பகுதி, உடலுக்கு வேண்டிய சத்துக்களுடன், நுண்ணிய குழாய்களின் வழியே இரத்தத்திற்கே திரும்புகிறது. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. பேரேட்டில் வரவு வைக்கவேண்டிய தொகை செலவில் சேர்ந்துவிடுவதுபோல், உடலுக்குத் திரும்பவேண்டிய கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் மிகுந்தால், அது ஆக்ஸலேட் முதலியவற்றுடன் கூடிப் படிகமாகிக் கல்லாக வளர்கிறது. சிறுநீரகக் கற்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கால்சியக் கற்களே.

மருந்து செய்யும் வேலை

தயாசைடு என்னும் மருந்து வகையில் முதலாவதான குளோரோதயாசைடு 1958-ல் விற்பனைக்கு வந்தது. உப்பையும் நீரையும் வெளியேற்றி, வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதே அதன் நோக்கம். எனினும், உப்பை வெளியேற்றும் இம்மருந்து கால்சியத்தை மட்டும் உடலுக்குத் திருப்புகிறது என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே இது கல்லை அடித்துச் செல்வதுமில்லை, இருக்கும் கல்லைக் கரைப்பதுமில்லை. புதிய கல்லுக்கு வேண்டிய சரக்கைக் குறைக்கிறது, அவ்வளவே. உணவில் உப்பு மிகுந்தால் இப்பயனும் குன்றும்.

நீர் மாத்திரைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பியூரோசிமைடு என்னும் மாத்திரை சிறுநீரில் கால்சியத்தை மிகுவிப்பது. அண்ணனுடைய மாத்திரை அதுவாயின், தம்பிக்கு நன்மைக்கு மாறாகத் தீமையே விளையும்.

ஆராய்ச்சி காட்டுவது

முற்காலத்துச் சிறு ஆராய்ச்சிகள் பல தயாசைடுக்குச் சாதகமாகவே இருந்தன. ஆனால் 2023-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியில், கால்சியக் கல் மீண்டும் மீண்டும் வந்த 416 பேருக்கு ஹைட்ரோகுளோரோதயாசைடு மாத்திரையோ மருந்தில்லாத போலி மாத்திரையோ தரப்பட்டது. போலி மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு 59 பேருக்கும், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 49 பேருக்கும் கல் திரும்பியது. இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேரலாம் என்பதே கணிப்பு. மருந்து உண்டோரிடம் பொட்டாசியக் குறைவும் மூட்டுவாதமும் புதிய நீரிழிவும் மிகுதியாகக் காணப்பட்டன. எனவே, சிறுநீரைச் சோதித்துக் கால்சியம் மிகுந்திருப்பதை அறிந்த மருத்துவர், இரத்தப் பரிசோதனையுடன் கொடுக்கவேண்டிய மருந்து இது.

நாம் செய்யவேண்டியது

இத்தாலியில் நடந்து 1996-ல் வெளியான ஆராய்ச்சியொன்று எளிய வழியைக் காட்டுகிறது. முதன்முறை கல் வந்தோரில், நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழியுமாறு நீர் பருகியோருக்கு, ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 12 பேருக்கே கல் திரும்பியது. ஏனையோரில் அது 27.

தறியில் இருப்போரும் வயலில் நிற்போரும் வேலை தடைப்படுமென்று தாகத்தை அடக்குகின்றனர். வியர்வை மிகுந்து சிறுநீர் சுண்டுகிறது. தறியருகிலும் வரப்பிலும் தண்ணீர் வைத்துக்கொண்டு, சிறுநீர் வெளிறிய நிறமாகும் வரை பருகவேண்டும். இருதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டறிக. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைக் குறைத்தல் நலம். கால்சியத்துக்கு அஞ்சிப் பாலையும் தயிரையும் விலக்க வேண்டுவதில்லை. வலியுடன் குளிர்க்காய்ச்சல் கண்டாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க.

அந்த அங்கத்தினருக்கு நாம் கூறிய விடையும் இதுவே: அண்ணனுடைய மாத்திரை அண்ணனுக்கே இருக்கட்டும், தாங்கள் தண்ணீர்ச் செம்புடன் மருத்துவரிடம் செல்லும் வழியையும் மறவாதீர்கள்.

கூட்டத்தில் விவாதிக்கவேண்டிய வினாக்கள்

1. தயாசைடு மருந்து கல்லைக் கரைக்கிறதா, புதிய கல் வளர்வதைக் குறைக்கிறதா?
2. ஒருவருடைய நீர் மாத்திரையை மற்றொருவர் உண்பது ஏன் தவறு?
3. நமது தறிக்கூடத்தில் குடிநீர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா?