ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டிலேயே எஞ்சின் ஆயில் மாற்றுதல்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைச் சாலையில் செல்லும் தாழ்ந்த, இரட்டை இருக்கைக் கார்கள் பெங்களூருவுக்குப் புதியவை அல்ல. அந்தக் கார்கள் வாரத்தின் பிற நாட்களில் நகர நெரிசலில் ஊர்ந்தே பொழுதைக் கழிக்கின்றன என்பதை அவற்றின் உரிமையாளர்கள் மறந்துவிடுகின்றனர். மலைச் சாலையில் ஓடும் ஒரு மணி நேரமும், சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் ஒரு மணி நேரமும் கிலோமீட்டர்க் கணக்கில் ஒன்றல்ல. ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு இரண்டும் உழைப்பே ஆகும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சராசரியாக மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் 10,000 கி.மீ. கடக்க ஏறத்தாழ 167 மணி நேரம் எஞ்சின் இயங்க வேண்டும். சராசரி வேகம் 20 கி.மீ. ஆகக் குறையுமானால், அதே தூரத்துக்கு 500 மணி நேரம் தேவைப்படும். மேலும், குறுந்தூரப் பயணங்களில் எண்ணெய் போதிய அளவு சூடேறுவதில்லை; ஆகவே அதில் கலந்துவிடும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேறுவதில்லை. டர்போ பொருத்தப்பட்ட எஞ்சின்களில், டர்போவின் தாங்குருளையைச் சுற்றியுள்ள கடும் வெப்பமும் எண்ணெயைச் சீக்கிரம் முதுமையடையச் செய்கிறது. கையேடுகளில் ‘கடினமான பயன்பாடு’ என்ற தலைப்பின்கீழ்ச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் குறுகிய கால இடைவெளி, உண்மையில் நம் நகரவாசிகளுக்காகவே எழுதப்பட்டது எனலாம். தூரம், காலம் இரண்டில் எது முன்னர் வருகிறதோ அதுவே கணக்கு. வாரம் ஒருமுறை மட்டுமே வெளியே எடுக்கப்படும் காருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது நன்று.

இந்தப் பணியை வீட்டில் செய்வதால் பணம் மிச்சமாகுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நல்ல ஜாக், ஒரு ஜோடி ஸ்டாண்டு, சரிவுப் பலகைகள், டார்க் ரெஞ்ச் ஆகியவற்றுக்கான முதலீட்டை ஒரே முறையில் திரும்பப் பெற இயலாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எண்ணெய் மாற்றும் ஒரு காரை வைத்திருப்பவருக்கு அது சில ஆண்டுகள் பிடிக்கும். உண்மையான ஆதாயம் வேறு: எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த ஃபில்டர் உள்ளே சென்றது என்பதை உரிமையாளர் தம் கண்ணால் காண்கிறார், காரின் அடிப்பகுதியையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கிறார்.

உத்தரவாதமும் காப்பீடும்

வெளியாரிடமோ வீட்டிலோ எண்ணெய் மாற்றினால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் பறிபோகும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று அளித்த தீர்ப்பு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்த அந்த ஆணையம், சுயேச்சையான பழுதுபார்ப்பவரை நாடினாலே உத்தரவாதம் ரத்தாகும் என ஒட்டுமொத்தமாக நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும் பணித்தது. மேல்முறையீடுகள் பல தொடர்ந்தன. ஆனால் இத்தீர்ப்பு, தவறான எண்ணெயை ஊற்றியதால் கெட்ட எஞ்சினுக்கு நிறுவனம் பணம் தர வேண்டும் என்று கூறவில்லை. தகராறு எழும்போது சரியான தரமுடைய எண்ணெயே ஊற்றப்பட்டது என்பதைப் பில்லைக் கொண்டு நிறுவ வேண்டியவர் உரிமையாளரே. உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனத்தின் சேவை மையத்தையே நாடி, அதன் பின்னர் ஸ்பானரைக் கையில் எடுப்பதே விவேகம் என்பது என் கருத்து.

காப்பீடும் இங்கு கைகொடுக்காது. வழக்கமான வாகனக் காப்பீட்டில் இயந்திரக் கோளாறும் தேய்மானமும் விலக்கப்பட்டவை. ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்று கூடுதல் பிரீமியம் பெற்று வழங்கப்படும் பிரிவும் பொதுவாக வெள்ளநீர் புகுதல், விபத்தில் அடிபட்டு எண்ணெய் ஒழுகுதல் போன்றவற்றுக்கே பொருந்தும். சரியாக முடுக்கப்படாத திருகு வழியே எண்ணெய் வடிந்து எஞ்சின் இறுகினால் அச்செலவு முழுவதும் நம்முடையதே. கடன் நிலுவையில் இருக்கும்வரை அந்தக் கார் வங்கிக்கு ஈடாக இருப்பதையும் நினைவில் கொள்க. எஞ்சின் பழுதானாலும் மாதத் தவணை நிற்பதில்லை.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

கையேடு 5டபிள்யூ-30 என்று கூறினால் அதன் பொருள் என்ன? முதல் எண்ணும் அதனுடன் வரும் எழுத்தும் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைக் காட்டுவன. குளிர்கால இரவிலும் பெங்களூருவில் நீர் உறைவதில்லை என்பதால் அவ்வெண் குறித்து நாம் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாம் எண் 100 பாகை செல்சியஸில் எண்ணெயின் பிசுக்கைக் குறிக்கிறது: 30 என்பது 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலும், 40 என்பது 12.5 முதல் 16.3 வரையிலும் அமையும். ‘நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான எண்ணெயே நல்லது’ என்ற பழைய அறிவுரை இன்றைய எஞ்சினுக்கு எப்போதும் பொருந்தாது. எண்ணெய் அழுத்தத்தால் வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்புகள் குறிப்பிட்ட பிசுக்கைக் கருதியே வடிவமைக்கப்பட்டவை.

பிசுக்கைவிட முக்கியமானது தர ஒப்புதல். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் எஸ்பி என்னும் தரம் 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது மட்டும் போதாது. போர்ஷே நிறுவனத்தின் ஏ40 போன்று தயாரிப்பாளர் தாமே அளிக்கும் ஒப்புதல் டப்பாவின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ‘பொருத்தமானது’ என்ற சொல்லும் ‘ஒப்புதல் பெற்றது’ என்ற சொல்லும் ஒன்றல்ல.

உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற ஜே.சி. சாலையில் எல்லாம் கிடைக்கும், போலியும் கிடைக்கக்கூடும். முத்திரை உடையாத மூடி, டப்பாவில் அச்சான தொகுதி எண், வரி விவரத்துடன் கூடிய பில் ஆகிய மூன்றும் இன்றி வாங்கற்க. காலி டப்பாக்களைத் தூக்கி எறியும் முன் வெட்டிவிட்டால், அவை போலி எண்ணெயின் புதிய வீடாக மாறா.

அரிய கார்களை வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. 1990களின் இறுதியில் நம் நாட்டில் உருவான சான் ஸ்டார்ம் என்னும் இரட்டை இருக்கைக் காரின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. எஞ்சினோ 1,149 சி.சி. ரெனால்ட். இத்தகைய கார்களுக்கு ஃபில்டர் தேடுகையில் காரின் பெயரைக் கூறினால் கடைக்காரர் விழிப்பார். எஞ்சினின் குறியீட்டைக் கூறினால் வழி பிறக்கும்.

காரை உயர்த்துதல்

உயிருக்கு ஆபத்து உள்ள கட்டம் இதுவே. எண்ணெய் தவறானால் எஞ்சின் போகும். இங்கே தவறினால் மனிதர் போவார்.

தாழ்ந்த கார் சாதாரணச் சரிவுப் பலகையில் ஏறும் முன்பே அதன் முன் பம்பர் இடித்துவிடும். நீண்ட, சரிவு குறைந்த பலகைகளை வாங்க வேண்டும். அல்லது சக்கரத்துக்கு முன்னே கனமான மரப்பலகைகளை இட்டு ஏறுமுகத்தைத் தணிக்க வேண்டும். ஜாக்கைப் பயன்படுத்துவதாயின், கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே அதை வைக்கலாம். அலுமினியமோ கார்பன் இழையோ கொண்ட அடித்தட்டில் ஜாக்கை வைத்தால் உண்டாகும் சேதம் பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நொடியில் விழுங்கும்.

ஜாக் என்பது உயர்த்துவதற்கான கருவி மட்டுமே, தாங்குவதற்கானது அன்று. அதன் உள்ளிருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையம் கசிந்தால் கார் இறங்கிவிடும். எனவே இரு புறமும் ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் பாரத்தை இறக்கிய பின்னரே கீழே செல்லலாம். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கைப்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கும். எஞ்சின் பின்னால் அல்லது நடுவில் உள்ள காரின் பின்பகுதியை உயர்த்தியவுடன் அந்தப் பிடி பயனற்றுப் போகிறது. முன்சக்கரக் கட்டைகளே அப்போது ஒரே காவல். கீழே நுழையும் முன் காரைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குக. வீட்டில் வேறொருவர் இருக்கும் நேரத்திலேயே இப்பணியைச் செய்க.

அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்தம் இதற்கு ஏற்ற இடமன்று. தரை நீர் வடிவதற்காகச் சற்றுச் சாய்ந்திருக்கும், காற்றோட்டமும் குறைவு. எஞ்சினைச் சூடேற்றும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சங்கத்தின் அனுமதி பெற்று, திறந்த, சமமான, கெட்டியான தரையில் செய்வதே சரி.

வடித்தலும் நிரப்புதலும்

எஞ்சினை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துக. வெதுவெதுப்பான எண்ணெய் கசடுடன் சேர்ந்து எளிதில் வடியும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுட்டுவிடும். ஆதலால் சுமார் இருபது நிமிடம் பொறுப்பது நல்லது. அடித்தட்டு மறைப்பின் திருகுகள் பல நீளங்களில் இருப்பதுண்டு. கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டையில் செருகி வைத்தால் பின்னர்க் குழப்பம் நேராது.

மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, கீழே டிரெயின் பிளக்கைத் தளர்த்துக. கடைசிச் சில புரிகளைக் கையுறை அணிந்த விரலால் மேல்நோக்கி அழுத்தியபடியே சுழற்றி, சட்டென விலக்க வேண்டும். அடியில் வைக்கும் தட்டு எஞ்சினின் முழுக் கொள்ளளவைவிடப் பெரியதாக இருக்கட்டும். சில ஸ்போர்ட்ஸ் கார்களில் எட்டு லிட்டருக்கும் மேல் வரும். உலர் சம்ப் எனப்படும் அமைப்பு உள்ள கார்களில் தனித் தொட்டி உண்டு; ஒன்றுக்கு மேற்பட்ட டிரெயின் பிளக்குகளும் இருக்கலாம். வடிந்த எண்ணெயில் மின்னும் உலோகத் துகள்கள் தென்பட்டால் புதிய எண்ணெயை ஊற்றும் முன் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுக.

ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் அதனுடனேயே வந்துவிட்டதா என்று பார்க்கத் தவறாதீர். பழையது எஞ்சினில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியது அமர்ந்துவிட்டால், எஞ்சினை இயக்கியவுடன் அழுத்தம் தாங்காமல் புதிய எண்ணெய் தரையில் பீய்ச்சியடிக்கும். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, வளையம் தொட்ட பின் முக்கால் சுற்று கையாலேயே முடுக்கினால் பெரும்பாலும் போதும்.

டிரெயின் பிளக்குக்குப் புதிய வாஷர் இட்டு, கையேடு கூறும் அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்க வேண்டும். அது 30 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம்: 25 செ.மீ. நீள ஸ்பானரின் முனையில் ஏறத்தாழ 12 கிலோ எடையை வைத்தால் உண்டாகும் விசை அவ்வளவே. வலுவான ஒருவர் உடல் பலத்தோடு இழுத்தால் அதைப்போல் பல மடங்கு சென்றுவிடும். அலுமினியச் சம்ப்பின் மரை கிழிவது இப்படித்தான்.

குறிப்பிட்ட அளவில் பத்தில் ஒன்பது பங்கை முதலில் ஊற்றி, எஞ்சினை ஓடவிடுக. எண்ணெய் அழுத்த விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிடில் உடனே நிறுத்துக. கசிவு இல்லையென உறுதி செய்து, காரைச் சமதரையில் இறக்கிய பின் அளவைப் பார்த்து எஞ்சியதைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பெரும்பான்மையான கார்களில் எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவு பார்ப்பர். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911 இல் எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். நிறுத்திய நிலையில் குறைவாகக் காட்டுவதை நம்பி மேலும் ஊற்றியவர்கள் பலர். எண்ணெய் மிகுந்தாலும் கேடுதான்: சுழலும் கிராங்க் தண்டு அதை நுரைக்கச் செய்யும், நுரை கலந்த எண்ணெய் மசகாகப் பயன்படாது.

பழைய எண்ணெய்

பணியைத் தொடங்கும் முன்பே இதற்கு வழி செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை மாற்றிய எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது. பெங்களூருவின் தெருவோர வடிகால்கள் ராஜகாலுவே என்னும் பெருவடிகால்கள் வழியே ஏரிகளையே சென்றடைகின்றன. நுரைத்தும் தீப்பற்றியும் செய்தியான பெல்லந்தூர் ஏரியின் துயருக்குச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் முதன்மைக் காரணம் என்றாலும், நாம் அதனுடன் எண்ணெயையும் சேர்க்க வேண்டுமா?

அபாயக் கழிவுகள் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகள் பயன்படுத்திய எண்ணெயையும் உள்ளடக்குபவை. 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெயை உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் குறிப்பிட்ட அளவு பழைய எண்ணெய் மறுசுழற்சி செய்யப்படுவதற்குப் பொறுப்பாக்கப்பட்டுள்ளனர். வீட்டில் சேரும் சில லிட்டரை, எண்ணெய் வந்த டப்பாக்களிலேயே ஊற்றி மூடி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சேவை மையத்திடமோ பட்டறையிடமோ ஒப்படைக்கலாம். பெற்றுக்கொள்வார்களா என்று முன்னரே தொலைபேசியில் கேட்டறிக. அந்த எண்ணெயில் தண்ணீரோ கூலன்டோ பெயின்ட் தின்னரோ கலக்கக் கூடாது. கலந்தால் மறுசுழற்சிக்கு உதவாது. ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து முழுவதும் வடித்து, அதையும் உடன் கொடுத்துவிடுக. எடைக்கு வாங்குவோரிடம் விற்றால் சில ரூபாய் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணெய் எந்த உலையில் எரிகிறது, எந்தப் போலி டப்பாவுக்குள் திரும்பி வருகிறது என்பதை எவரும் அறியார்.

மாற்றிய தேதி, ஓடோமீட்டர் அளவு, எண்ணெயின் பெயர், தொகுதி எண் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பில்லுடன் வாகனக் கடன் ஆவணங்கள் உள்ள கோப்பிலேயே வைக்கலாம். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பையே.