ஹைபிரிட்டா, பெற்றோலா, மின்சாரமா? முதலில் கிலோமீற்றரைக் கணக்கிடுங்கள்

"கார் ஒன்று மாற்றப் போறன் காக்கா, எதை எடுக்கிறது?" சென்ற வாரம் அரிசிக் கடைத் தம்பி ஒருவர் கேட்டார். 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அன்றிலிருந்து நமது வர்த்தகர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. "மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுவீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

விடை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ஹைபிரிட் காரில் பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்குகின்றன. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பற்றரி சேமித்துக்கொள்ளும். ஆகவே, நின்று நின்று ஓடும் நகர நெரிசலில்தான் இலாபம் அதிகம். நமது கரையோர நெடும்பாதையில் ஒரே சீராக ஓடினால் அந்த இலாபம் குறையும்.

ஒரு கணக்குப் போடுவோம். லீற்றருக்குப் பெற்றோல் கார் 12 கிலோமீற்றரும் ஹைபிரிட் 20 கிலோமீற்றரும் ஓடுவதாகவும், லீற்றர் 300 ரூபா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 600 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மிச்சம் 20 லீற்றர், அதாவது 6,000 ரூபா. ஹைபிரிட்டுக்கு 10 இலட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் திரும்பப் பதினான்கு வருடங்கள் செல்லும். மாதம் 2,400 கிலோமீற்றர் ஓடுபவருக்கோ மூன்றரை வருடங்கள் போதும்.

இதில் பற்றரிச் செலவு சேரவில்லை. அதை நான் பட்டுத்தான் படித்தேன். சாகாமம் வயலிலிருந்து நெல் மூட்டைகளை எனது ஹைபிரிட் காரின் பின் ஆசனத்தில் ஏற்றி வருவது வழக்கம். பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் அந்த ஆசனத்தின் அருகில்தான் இருந்தது. உமித் தூசியால் அது அடைபட்டு, பற்றரி சூடேறிப் பழுதாகிவிட்டது. இரண்டு வருடம் மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் போனது. பிழை காரில் இல்லை, என்னில்.

மின்சாரக் காரில் ஒரு யுனிட்டுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் ஓடலாம். எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை. ஊருக்குள் ஓடி, இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்பவருக்கு இது பொருந்தும். ஆனால், சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். பழைய மின்சாரக் கார் வாங்குவோர் பற்றரியில் எஞ்சியுள்ள வலுவைச் சோதிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். வெப்பம் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். நமது பகுதியின் வெயிலைச் சொல்லத் தேவையில்லை.

2022ஐயும் மறக்க வேண்டாம். ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். மேற்சொன்ன கணக்கில் பெற்றோல் கார் அதில் 240 கிலோமீற்றர் ஓடும், ஹைபிரிட் 400. மின்சாரக் கார் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டும் இருந்தது. பற்றரிச் சேமிப்பு இல்லாத சாதாரண கூரைச் சோலார் மின்வெட்டில் இயங்காது என்பதையும் கவனியுங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: ஒரு மாதம் மீற்றரைக் கொப்பியில் எழுதுங்கள். குறைந்த ஓட்டத்துக்குச் சிறிய பெற்றோல் கார், அதிக ஓட்டத்துக்கு ஹைபிரிட், ஊருக்குள் மட்டும் என்றால் மின்சாரம். பக்கத்துக் கடைக்காரர் வாங்கினார் என்பதற்காக முதலைக் காரில் முடக்காதீர்கள். கடையில் புரள வேண்டிய பணம் அது.