திரைமுன் அமரும் கயல்விழிக்கு

சான்டா கிளாரா



காலை முதல் மாலை வரை இணைய வகுப்பில் இருந்துவிட்டு எழும்போது உடலும் மனமும் ஒருங்கே ஓய்ந்துவிடுகின்றன என்றும், அதனைச் சோம்பலென்று வீட்டார் கடிந்துகொள்கின்றனர் என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். அது சோம்பலன்று, அம்மா. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு, அவற்றை ஆராய்ந்தவர்களும் எங்கள் பக்கத்திலேயே இருக்கின்றார்கள்.

2020 மார்ச் 17 அன்று, சான்டா கிளாரா உள்ளிட்ட வளைகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகளில் வீட்டைவிட்டு வெளியேறலாகாது என்ற ஆணை அமுலுக்கு வந்தபோது, வாரநாட் பள்ளியும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் ஒருசேரத் திரைக்குள் குடியேறின. அத்திரையை அளித்த ஜூம் நிறுவனத்தின் தலைமையகம் அண்டை நகரமான சான் ஓசேயில் இருக்கின்றது. திரைவழிக் கூட்டங்கள் உண்டாக்கும் களைப்பை ஆராய்ந்து ஜெரமி பெய்லன்சன் என்னும் பேராசிரியர் 2021 பிப்ரவரியில் கட்டுரை வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் இதே கவுண்டியில்தான் இருக்கின்றது.

களைப்புக்கான காரணங்கள் இவை. பள்ளி அறையில் முப்பது பேர் இருந்தாலும் அவரவர் பார்வை கரும்பலகையிலும் நோட்டுப் புத்தகத்திலும் ஜன்னலுக்கு வெளியிலுமாகச் சிதறிக் கிடக்கும். திரையிலோ, பேசுகின்றவர் நீயாயினும் பிறராயினும், எல்லா முகங்களும் இடைவிடாது உன்னையே நோக்குவதுபோல், மிகவும் வேண்டியவர்கள் மாத்திரமே வரத்தக்க அண்மையில் வந்து நிற்கின்றன. ஆசனத்தைவிட்டு அசையவும் வழியில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைக் காட்டவும் வலிந்து தலையசைக்க வேண்டியிருக்கின்றது.

இவை யாவற்றினும் கொடியது, திரையின் மூலையில் தெரியும் உன்னுடைய சொந்த முகம். நிலைக்கண்ணாடியின் முன் அமர்ந்துகொண்டு நாள் முழுதும் பாடம் கேட்பவள், தன் தலைமுடியையும் முகக்குறிப்பையும் தன்னையறியாமலே பரிசோதித்து, பாடத்துக்குரிய சக்தியில் ஒரு பங்கை அதிலேயே செலவிட்டுவிடுகின்றாள். பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அதே பல்கலைக்கழகத்தார் விசாரித்ததில், இக்கூட்டங்களால் மிகுதியும் களைப்புற்றதாகக் கூறியவர்கள் ஆண்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவராகவும், பெண்களில் ஏழில் ஒருவராகவும் இருந்தனர். தன் முகத்தையே கண்டுகொண்டிருப்பதால் விளையும் மனக்கலக்கம் இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணமென்று அவர்கள் கண்டார்கள்.

ஆதலால் முதற்காரியமாக, உன் படத்தின் மேல் தோன்றும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, உன் முகத்தை உனக்குத் தெரியாதபடி மறைத்துவிடு. மற்றவர்களுக்கு நீ வழக்கம்போல் தெரிவாய். திரை முழுதும் விரிந்திருக்கும் ஜன்னலைச் சிறிதாக்கி, கணினியை ஒரு முழமேனும் தள்ளி வை. திரையை உற்று நோக்குங்கால் கண்ணிமைப்பது குறைந்துவிடுமாதலால், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தூரத்து மரத்தையோ எதிர்வீட்டு மாடியையோ சற்றே பார். ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கைபேசியை எடுப்பது இளைப்பாறுதல் ஆகாது. எழுந்து நடந்து, தண்ணீர் குடித்து வா.

கேமராவை ஒரு கணமும் அணைக்கலாகாதென்பதை ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கொள்ளும் ஆசிரியர்களின் எண்ணம் நல்லதேயாயினும், அம்முறை நல்லதென்று நான் கருதவில்லை. விளக்கம் நடக்கும் நேரத்தில் அதை அணைத்துக்கொள்ளவும், கேள்வி-பதில் நேரத்தில் திறந்துகொள்ளவும் அனுமதிக்குமாறு உன் வகுப்பாசிரியையிடம் பணிவாகக் கேட்டுப் பார். சோம்பலென்று சொன்ன உன் அப்பாவுக்கு நான் தனியே எழுதுகின்றேன்; அதற்குமுன் இக்கடிதத்தை அவனிடம் படிக்கக் கொடு.

அன்புள்ள,
பெரியப்பா