பிழையற்ற அளவீடு: அன்னா மணி அம்மையாரின் வாழ்க்கையும் பணியும்

ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு இந்தியாவின் மழை அளவு நிலையங்களில், முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்த மழை அளந்து குறிக்கப்படுகிறது. அளப்பவர் எழுதும் எண் சிறியது. ஆயினும் அணையிலிருந்து எவ்வளவு நீரைத் திறந்துவிடலாம், எப்பகுதியை வறட்சிப் பகுதியாகக் கருதலாம், எப்பருவத்தில் விதைக்கலாம் என்பன போன்ற முடிவுகள் இத்தகைய எண்களைக் கொண்டே செய்யப்படுகின்றன.

அவ்வெண்ணை நம்பலாமா என்பது கருவியைப் பொறுத்தது. 200 சதுர சென்டிமீட்டர் வாய்ப்பரப்புள்ள மழைமானியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 கன சென்டிமீட்டர் நீர் சேரும். அந்நீரை 100 சதுர சென்டிமீட்டர் மழைமானிக்கென அளவு குறிக்கப்பட்ட கண்ணாடியில் ஊற்றினால், அது 20 மில்லிமீட்டர் என்று காட்டும். ஊழியர் கடமை தவறவில்லை, கணக்கும் தவறவில்லை. எனினும் பெய்த மழை ஏட்டில் இரு மடங்காகிவிடுகிறது. அளவே எடுக்காவிடில் ஏட்டில் வெற்றிடம் இருக்கும். அதைக் காண்பவர் எச்சரிக்கை கொள்வார். தவறான அளவோ உண்மையைப் போலவே ஏட்டில் அமர்ந்திருக்கும்.

இந்த அபாயத்தை நன்குணர்ந்து, இந்நாட்டின் வானிலைக் கருவிகளை நம்பத்தக்கனவாக ஆக்குவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அன்னா மணி அம்மையார். விஞ்ஞான வரலாற்றில் இடம்பெறும் பெண்மணிகளுள் இவருடைய பணி களப் பணியாளர்களுக்கு மிகவும் அணுக்கமானது.

இளமையும் கல்வியும்

அன்னா மணி 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பீர்மேட்டில் பிறந்தார். தந்தையார் பொறியாளர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் உரிமையாளர். எட்டுக் குழந்தைகளுள் இவர் ஏழாமவர். அக்காலத்து வசதி படைத்த குடும்பங்களில் ஆண் மக்கள் உயர்ந்த தொழில்களுக்கும் பெண் மக்கள் திருமணத்திற்கும் ஆயத்தப்படுத்தப்பட்டனர். எட்டாம் பிறந்த நாளன்று வழக்கப்படி வைரத் தோடு அளிக்கப்பட்டபோது, இச்சிறுமி அதனை வேண்டாமென்று மறுத்து, ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா’ என்னும் கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார். வைக்கம் சத்தியாக்கிரகத்தின்போது 1925-இல் காந்தியடிகள் அங்கு வந்தது இவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னர் கதராடையே உடுத்தலானார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1939-இல் பௌதிகத்திலும் ரசாயனத்திலும் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

வைரங்களும் மறுக்கப்பட்ட பட்டமும்

வைரத்தை மறுத்த சிறுமிக்கு வைரமே ஆராய்ச்சிப் பொருளாயிற்று. வைரங்களும் மாணிக்கங்களும் ஒளியை ஏற்று உமிழும் தன்மையை இவர் ஆராய்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளைப் புகைப்படத் தகடுகளில் பதிவு செய்தார். ஒளி மிக மங்கலானதாகையால் ஒரு தகட்டில் பதிவாவதற்கே பதினைந்து முதல் இருபது மணி நேரம் வேண்டியிருந்தது. இரவுகளில் ஆய்வுக்கூடத்திலேயே உறங்க நேரிட்டது. பெண் ஒருவர் கருவியைக் கையாளுகையில் சிறு பிழை நேரினும், அதனைப் பெண்களின் இயலாமைக்குச் சான்றாகக் கொள்ளும் காலம் அது.

1942 முதல் 1945 வரை இவர் தனித்தே எழுதிய ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்தன. 1945 ஆகஸ்டு மாதத்தில் டாக்டர் பட்டத்திற்குரிய ஆய்வுரையைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் பெறவில்லை என்னும் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டது. ஆனர்ஸ் பட்டமும், உதவித்தொகை பெற்று நிகழ்த்திய ஐந்தாண்டு ஆராய்ச்சியும் கணக்கில் கொள்ளப்படவில்லை. அவ்வாய்வுரை இன்றும் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில், பட்டம் பெற்ற ஏனைய ஆய்வுரைகளோடு கட்டமைக்கப்பெற்று விளங்குகிறது. பட்டம் இறுதிவரை அளிக்கப்படவில்லை. அம்மையார் அதுபற்றி மனக்கசப்பை வளர்த்துக்கொள்ளாமல் அடுத்த பணிக்குச் சென்றார்.

கருவிக் கலையில் பயிற்சி

1945-இல் அரசாங்க உதவித்தொகை பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். பௌதிக ஆராய்ச்சியைத் தொடரவே விரும்பினார். ஆயினும் கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சியே. அதனை ஏற்றுக்கொண்டார். தற்செயலாக அமைந்த இவ்வாய்ப்பே இவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று.

1948-இல் தாயகம் திரும்பிப் புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். விடுதலைக்கு முன்னர் வெப்பமானி, பாரமானி போன்ற எளிய கருவிகளும் அயல்நாட்டிலிருந்தே தருவிக்கப்பட்டன. இந்நிலையை மாற்ற எஸ். பி. வெங்கடேசுவரன் தலைமையில் கருவிப் பட்டறை இயங்கி வந்தது. அன்னா மணி அங்குப் பணியாற்றி, 1953-இல் அப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். அவருக்குக் கீழ் 121 ஆடவர் வேலை செய்தனர்.

ஏறத்தாழ நூறு வகையான வானிலைக் கருவிகளுக்குத் தரப்படுத்தப்பட்ட வரைபடங்கள் தயாரிக்கப்பட்டு, உற்பத்தியும் தொடங்கப்பட்டது. தரப்படுத்துதல் என்றால் என்ன? ஒவ்வோர் உறுப்பும் குறித்த அளவில், குறித்த பொருளால், குறித்த நுட்பத்துடன் செய்யப்படுதலும், முடிந்த கருவி ஒரு மூலக் கருவியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுதலுமே ஆகும். இவ்வாறு செய்யாவிடில் இரண்டு ஊர்களின் அளவுகளுக்கு இடையே காணும் வேறுபாடு வானிலையின் வேறுபாடா, கருவிகளின் வேறுபாடா என்று எவராலும் கூற இயலாது.

கதிரவன் ஒளியை அளத்தல்

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை சர்வதேச புவி பௌதிக ஆண்டு கொண்டாடப்பட்டது. அதனையொட்டி இந்தியாவில் சூரிய கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் தொகுதி ஒன்றை அம்மையார் அமைத்தார்.

கதிர்வீச்சுமானியின் தத்துவம் எளியது. கண்ணாடிக் குவிமாடத்தின் கீழ்க் கருமை பூசிய தகடு ஒன்று உள்ளது. வெயிலில் அது சூடேறும்போது, அதனடியில் இணைக்கப்பட்ட இருவகை உலோகக் கம்பிகளின் சந்திகளில் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. அதை அளந்து கதிர்வீச்சைக் கணக்கிடலாம். மேகமற்ற நண்பகலில் தரையின் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. தத்துவம் எளிதாயினும் செயல் எளிதன்று. குவிமாடத்தில் தூசி படிந்தாலும், கருவி சற்றே சாய்ந்திருந்தாலும், காலப்போக்கில் கரும்பூச்சு வெளிறினாலும் அளவு மாறிவிடும். ஆகவே அவ்வப்போது மூலக் கருவியோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது.

ஓசோனும் விண்கலமும்

பூமிக்கு மேல் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் மிகுந்து காணப்படுகிறது. அது கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. அவ்வுயரத்து ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே ஆக்கும் முயற்சியில் 1960-களில் அம்மையாரும் அவருடைய குழுவினரும் வெற்றி கண்டனர். பலூனில் கட்டி அனுப்பப்படும் இக்கருவியில் பொட்டாசியம் அயோடைடு கரைசலின் வழியே காற்று செலுத்தப்படுகிறது. காற்றிலுள்ள ஓசோன் அக்கரைசலிலிருந்து அயோடினை விடுவிக்க, அதனால் எழும் மெல்லிய மின்னோட்டம் ஓசோனின் அளவைக் காட்டுகிறது. ரேடியோ வழியாகச் செய்தி தரைக்கு வந்துவிடுகிறது. ஓசோன் படலம் குறைந்து வருவது 1980-களில் வெளிப்பட்டு, 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை ஏற்பட்டபோது, முன்னரே எடுத்து வைக்கப்பட்ட அளவுகளின் மதிப்பை உலகம் உணர்ந்தது.

1963-இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கிணங்கத் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார். வழிநடத்தும் அமைப்பில்லாத சிறு ராக்கெட்டுகளைக் காற்று திசை திருப்பிவிடுமாதலால், ஏவுமுன் காற்றின் வேகத்தையும் திசையையும் துல்லியமாக அறிதல் அவசியம்.

ஓய்வுக்குப் பின் தொடர்ந்த பணி

1969-இல் டெல்லிக்கு மாற்றப்பட்ட அம்மையார், வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். ஆயினும் பணி ஓயவில்லை. இந்தியாவின் சூரிய கதிர்வீச்சுப் புள்ளிவிவரங்களைத் தொகுத்துக் கையேடாக 1980-இல் வெளியிட்டார். காற்றாற்றலின் புள்ளிவிவரங்களையும் தொகுத்தார். காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் தொழிற்கூடம் ஒன்றைப் பெங்களூரில் நிறுவினார்.

காற்றாலையின் விஷயத்தில் அளவீட்டின் அருமை நன்கு விளங்கும். காற்றிலிருந்து பெறக்கூடிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப மாறுகிறது. வேகம் வினாடிக்கு 5 மீட்டராயின் அவ்வெண்ணின் மும்மடி 125. 6 மீட்டராயின் 216. எனவே 5 மீட்டர் வேகமுள்ள இடத்தை 6 மீட்டர் என்று தவறாக அளந்தால், கிடைக்கும் ஆற்றல் 73 சதவீதம் கூடுதலாக மதிப்பிடப்படும். அம்மதிப்பை நம்பிக் காற்றாலை நிறுவுபவர் பெரும் நஷ்டம் அடைவார். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் போன்ற இடங்களில் நிரை நிரையாய்ச் சுழலும் காற்றாலைகளைக் காண்போர், அத்தகைய முயற்சி ஒவ்வொன்றும் காற்றை அளப்பதிலேயே தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

அம்மையார் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். தாம் பெண் என்பதனைத் தனிச் சிறப்பாகவோ தடையாகவோ பேச அவர் விரும்பியதில்லை. தம் கருவிகளின் அளவுகள் சரியாக உள்ளனவா என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

களப் பணியாளர் கவனத்திற்கு

மழைமானியின் அருகே மரமோ சுவரோ இருப்பின், அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தூரத்தில் கருவி இருத்தல் வேண்டும். கருவியின் வாய் சமமட்டமாக இருக்க வேண்டும். அந்தக் கருவிக்குரிய அளவுக் கண்ணாடியையே பயன்படுத்த வேண்டும். அது உடைந்துவிட்டால் வேறொன்றைக் கொண்டு சமாளித்தல் ஆகாது. அளவு எடுக்கத் தவறிய நாளில் உத்தேசமாக ஓர் எண்ணை எழுதுவதைவிட, ‘அளக்கப்படவில்லை’ என்று குறிப்பதே மேலானது.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

மழைக்காலத்தில், நேரான பக்கங்களையுடைய ஒரே மாதிரியான மூன்று டப்பாக்களை எடுத்துக்கொள்க. ஒன்றைத் திறந்த வெளியிலும், மற்றொன்றை மரத்தடியிலும், மூன்றாவதைச் சுவரோரத்திலும் வைக்க. மறுநாள் காலை ஒவ்வொன்றிலும் உள்ள நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து கரும்பலகையில் எழுதுக. மூன்று எண்களும் பெரும்பாலும் வேறுபட்டிருக்கும். ஊரில் பெய்த மழை ஒன்றே. அளவுகள் மூன்றாக ஏன் அமைந்தன, இவற்றுள் எதனை ஏட்டில் எழுதலாம் என்று மாணவ மாணவியரையே ஆராய்ந்து கூறச் செய்க. பின்னர், ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீராகும் என்பதை எடுத்துரைத்து, பள்ளிக் கூரையின் மீது அன்று விழுந்த நீரைக் கணக்கிடச் செய்க. மூன்று டப்பாக்களின் எண்களையும் தனித்தனியே கொண்டு கணக்கிட்டால், தவறான ஓர் அளவினால் எத்தனை லிட்டர் நீர் கணக்கில் கூடியோ குறைந்தோ விடுகிறது என்பது அவர்களுக்குத் தாமாகவே புலப்படும்.